பினாங்கில் லோர் பாக்: முதல் தட்டுக்கு ஒரு வழிகாட்டி

சென்னையிலிருந்து மலேசியாவின் பினாங்குக்கு நேரடி விமானம் 2024 டிசம்பரில் தொடங்கியது. அதிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஊர்ச் சொந்தங்களின் வரத்து கூடியிருக்கிறது. வருகிறவர்கள் நாசி கண்டார் சோற்றையும் ரொட்டி சானாய்ப் பரோட்டாவையும் தாங்களாகவே தேடிப் போய்ச் சாப்பிட்டுவிடுகிறார்கள். சீனர் கோப்பிக்கடை வாசலில் மட்டும் கால் நின்றுவிடுகிறது. உள்ளே ஏழெட்டு ஒட்டுக்கடைகள் என்னும் சின்னச் சாப்பாட்டுக் கடைகள், ஒவ்வொன்றிலும் ஒரு புகை, ஒரு சத்தம். எதைக் கேட்பது, எதில் என்ன இறைச்சி, யாரிடம் காசு கொடுப்பது என்று பிடிபடாமல், பசியோடு வந்தவர்கள் ஒரு கோப்பியை மட்டும் குடித்துவிட்டுத் திரும்புகிறார்கள். எனக்கு அது மனசு கேட்பதில்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சீனக் கடைச் சாப்பாட்டுக்குள் நுழைய லோர் பாக்கை முதல் படி என்பேன். காரணம் எளியது. பட்டை, கிராம்பு, சோம்பு, அன்னாசிப்பூ என்று நம் பிரியாணி டப்பாவில் இருக்கும் நான்கு சாமான்கள் அதில் இருக்கின்றன. ஐந்தாவது மட்டும் நமக்குப் புதிது. அது சிச்சுவான் மிளகு. பெயரில் மிளகு இருந்தாலும் அது நம் மிளகுக் கொடியில் காய்ப்பதில்லை, எலுமிச்சைக் குடும்பத்துச் செடியின் காய்த்தோல். காரத்தைவிட நாக்கில் ஒரு மெல்லிய மரமரப்பைத்தான் தரும். இந்த ஐந்தையும் வறுத்துப் பொடித்தால் கிடைப்பது ஐந்து மசாலாப் பொடி. பினாங்குச் சீனர் பேசும் ஹொக்கியன் மொழியில் இதை ‘ங்கோ ஹியாங்’ என்பார்கள். ஐந்து வாசனை என்று பொருள்.

லோர் பாக் என்பது இந்தப் பொடியில் ஊறிய பன்றி இறைச்சியை ஒரு மெல்லிய தோலில் சுருட்டி எண்ணெயில் பொரித்தது. ‘பாக்’ என்றால் இறைச்சி. வெறும் ‘பாக்’ என்று சொன்னால் ஹொக்கியனில் பன்றி இறைச்சிதான். ‘லோர்’ என்பது தொட்டுக்கொள்ள வரும் கெட்டியான கருஞ்சாறு. பண்டத்தின் பெயரே சாற்றில் தொடங்குகிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் அந்தச் சாற்றைத் தொடாமலே எழுந்துவிடுகிறார்கள். அது சாம்பார் ஊற்றாமல் இட்லியைத் தின்றுவிட்டு இட்லி சப்பென்று இருந்தது என்பது போல.

சாப்பிடலாமா, கூடாதா

போவதற்கு முன்பே இதை முடிவு செய்துகொள்ளுங்கள். கடையில் நின்று யோசித்தால் பின்னால் வரிசை சேர்ந்துவிடும்.

பன்றி இறைச்சி சாப்பிடாதவர்களுக்கு லோர் பாக் கடைத் தட்டில் உள்ள எதுவும் சரிவராது. டோஃபு மட்டும் எடுத்துக்கொள்கிறேன், இறால் மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்வதில் பயனில்லை. எல்லாம் ஒரே எண்ணெயில் பொரிகிறது, ஒரே கட்டையில் ஒரே கத்தியால் வெட்டுப்படுகிறது. சோயா, முட்டை, கோதுமை, இறால் இவற்றில் எதுவும் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

பன்றி இறைச்சி மட்டும் வேண்டாதவர்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பசெம்போர். தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் இந்த ஊரில் வளர்த்தெடுத்த பண்டம். இறால் வடை, டோஃபு, கணவாய், உருளைக்கிழங்கு என்று தட்டில் அடுக்கி வைத்திருப்பார்கள். நாம் பொறுக்கிக் கொடுத்தால் நறுக்கி, வெள்ளரிக்காய்த் துருவலோடு, சர்க்கரைவள்ளிக்கிழங்கு சேர்த்துக் கெட்டியாக்கிய இனிப்புக் காரச் சாற்றை மேலே ஊற்றித் தருவார்கள். லோர் பாக் கடையும் பசெம்போர் கடையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், இரண்டும் ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொண்டவை என்று தோன்றும். பொறுக்குவது, நறுக்குவது, சாறு சேர்ப்பது என்று முறை ஒன்றே. சீனர் கடையில் சாறு தனிக் கிண்ணத்தில் வரும், நம்மவர் கடையில் தலைமேல் விழும்.

இன்னொரு வழி, சைவ லோர் பாக். சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் முதல் ஒன்பது நாள் ஒன்பது பேரரசர் தெய்வங்களுக்கான விழா நடக்கும். அந்த நாள்களில் பினாங்குச் சீனர் பலர் இறைச்சியைத் தொடமாட்டார்கள். மஞ்சள் கொடி கட்டிய சைவக் கடைகள் தெருவெங்கும் முளைக்கும். சோயாவையும் கிழங்கையும் வைத்து அதே ஐந்து மசாலாவில் சுருட்டிய லோர் பாக் அங்கே கிடைக்கும். பல ஆண்டுகளில் இந்த விழா நம் நவராத்திரியை ஒட்டியே வரும். 2024-இல் இரண்டும் அக்டோபர் 3 அன்றே தொடங்கின. கொலு பார்த்துவிட்டு மஞ்சள் கொடிக் கடைக்குப் போன அந்த வாரத்தை நான் மறக்கமாட்டேன். வெங்காயம், பூண்டையும் விலக்கும் நோன்பு அது என்பதால் நம் விரதக்காரர்களும் தயங்காமல் சாப்பிட்டார்கள்.

எங்கே, எப்போது

பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனின் பழைய நகரப் பகுதியை 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. லோர் பாக்குக்குப் பேர்போன கடைகள் பலவும் அந்தப் பகுதியிலோ அதை ஒட்டியோதான் இருக்கின்றன. லிட்டில் இந்தியாவில் தங்கியிருந்தால் வண்டி தேவையில்லை. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் வந்து சூலியா தெருவைப் பிடித்து, கடலுக்கு முதுகைக் காட்டி நேரே நடந்தால் பினாங்கு ரோடு வந்துவிடும். சூலியா என்பது தமிழ் முஸ்லிம்களுக்கு அன்று இருந்த பெயர். ஆக, நம்மவர் பெயர் தாங்கிய தெரு வழியாகத்தான் லோர் பாக்குக்குப் போகிறீர்கள்.

பினாங்கு ரோட்டில் கெங் பின் கோப்பிக்கடை காலை லோர் பாக்குக்குப் பெயர் பெற்றது. பொழுது சாய்ந்தபின் என்றால் மெக்கலிஸ்டர் ரோட்டை ஒட்டிய நியூ லேன், பிரஸ்கிரேவ் தெரு, கர்னி டிரைவ் ஆகிய இடங்களில் ஒட்டுக்கடைகள் வரிசையாக நிற்கும். கர்னி டிரைவில் கூட்டமும் வெளிச்சமும் அதிகம், முதல் தடவைக்காரர்களுக்குக் கூச்சம் இருக்காது. என் விருப்பம் காலைக் கோப்பிக்கடைதான். பத்து மணி வாக்கில் எண்ணெய் புதிதாக இருக்கும், தட்டும் நிறைந்திருக்கும். சாப்பாட்டு நேரம் கழிந்து இரண்டு மணிக்குப் போனால், மிச்சம் கிடப்பதை வாங்கிக்கொண்டு வரவேண்டியதுதான். கடைகள் வாரத்தில் ஒரு நாள் மூடும், அது கடைக்குக் கடை மாறும். அதனால் ஒரே கடையை நம்பிப் புறப்படாமல் பக்கத்தில் இன்னொன்றையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர்ப்பலகையில் ‘லோர் பாக்’ என்றும் இருக்கும், ‘லோபாக்’ என்றும் இருக்கும். மலாயில் லோபாக் என்றால் முள்ளங்கி. முள்ளங்கிக் கடை என்று நினைத்துத் தாண்டிப் போனவர்களும் உண்டு, சைவம் என்று நம்பி நின்றவர்களும் உண்டு. பலகையைவிட்டுக் கண்ணாடிப் பெட்டியைப் பாருங்கள். செம்பழுப்பு நிறச் சுருள்கள் அடுக்கியிருந்தால் அதுதான்.

முதலில் மேசை, பிறகு கடை

கோப்பிக்கடையில் நுழைந்ததும் நேராக லோர் பாக் கடைக்கு ஓடாதீர்கள். ஒரு மேசையைப் பிடியுங்கள், அதன் எண்ணைப் பாருங்கள். எண் இல்லாத இடங்களில் கையால் சுட்டிக் காட்டினால் போதும். இடம் இல்லையென்றால் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கும் மேசையிலும் கேட்டுவிட்டு உட்காரலாம். அது இங்கே இயல்பு, யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

உட்கார்ந்த உடனே குடிக்க என்ன வேண்டும் என்று ஒருவர் வந்து நிற்பார். கோப்பிக்கடைக்காரரின் வருமானத்தில் பெரும்பங்கு பானத்திலிருந்துதான். சாப்பாட்டுக் கடைகள் அவரிடம் வாடகைக்கு இருப்பவை. மேசை அவருடையது. அதனால் ஆளுக்கு ஒரு பானமாவது சொல்வது மரியாதை. வெளியிலிருந்து பானம் கொண்டுவந்தால் சில கடைகளில் தனிக் கட்டணம் கேட்பார்கள். எண்ணெய்ப் பண்டத்துக்குத் தோதாக ஜாதிக்காய்ச் சாறு கேளுங்கள். பினாங்குத் தீவின் மலைச் சரிவுகளில் விளையும் ஜாதிக்காயின் சதையிலிருந்து எடுப்பது. லேசான துவர்ப்பும் புளிப்பும் வாயைக் கழுவிவிடும். அது இல்லையென்றால் பால் சேர்க்காத ஐஸ் தேநீர், ‘தே ஓ ஐஸ்’.

கைப்பையில் டிஷ்யூ வைத்துக்கொள்ளுங்கள். சில்லறையாக வெள்ளியும் (ரிங்கிட்) வேண்டும். கியூஆர் கட்டணம் பல கடைகளில் உண்டு, ஆனால் எல்லாக் கடையிலும் இருக்கும் என்று நம்ப முடியாது.

பொறுக்குவது

இனிதான் முக்கியமான இடம். கடை முன் போனால் பெட்டியில் லோர் பாக்கோடு வேறு பலவும் இருக்கும். கெட்டி டோஃபு, ஓட்டோடு மாவில் தோய்த்த இறால் வடை, மீன் உருண்டை, செந்நிறத் தொத்திறைச்சி, கணவாய், வெறும் சோயாத் தோலை மொறுமொறுவென்று பொரித்தது, சில கடைகளில் சாம்பலிலும் சுண்ணாம்பிலும் வைத்துப் பதப்படுத்திய கறுத்த முட்டை. எல்லாவற்றையும் ருசித்துவிடும் ஆசை வரும். அந்த ஆசையை அடக்குங்கள்.

இரண்டு பேருக்கு இரண்டு சுருள், ஒரு கெட்டி டோஃபு, ஒரு இறால் வடை. முதல் சுற்றுக்கு இதற்குமேல் வேண்டாம். விலை உருப்படிக் கணக்கு. கணவாய் மற்றவற்றைவிட விலை கூடும், எடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் நான் விலைக்காக மட்டும் சொல்லவில்லை. இந்தப் பண்டத்தின் உயிர் அதன் தோலில் இருக்கிறது, அந்தத் தோலின் ஆயுள் பத்து நிமிஷம். தட்டு நிறையக் குவித்தால் அடியில் இருப்பது ஆவியில் ஊறி நமுத்துப்போகும். தீர்ந்ததும் எழுந்துபோய் மறுபடி கேளுங்கள், பத்தடி தூரம்தான்.

அந்தத் தோல் என்னவென்று தெரிந்தால் நான் சொல்வது விளங்கும். பால் காய்ச்சும்போது மேலே ஏடு படர்கிறதே, அதே போல சோயாப் பால் காயும்போதும் ஏடு படரும். அதை முழுசாகத் தூக்கி உலர்த்தினால் காகிதம் போன்ற ஒரு தாள். ‘தௌ கீ’ என்பார்கள். தாளை ஈரத் துணியால் துடைத்து இளக்கி, அதில் இறைச்சியை வைத்துச் சுருட்டி, ஓரத்தை மாவுக் கரைசலாலோ முட்டையாலோ ஒட்டுவார்கள். அவ்வளவு மெல்லிய தாள் என்பதால் தீ கொஞ்சம் கூடினாலும் கருகிக் கசந்துவிடும், குறைந்தால் எண்ணெயைக் குடித்துவிடும். நல்ல கடைக்காரர் அடுப்பை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார்.

நல்ல சுருளை எப்படி அறிவது? மேல்தோலில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் இருக்க வேண்டும், நம் பூரியில் வருமே அது போல. நிறம் சீராக இருக்க வேண்டும். வெட்டிய முகத்தைப் பார்த்தால் உள்ளே இறைச்சி நீள நீளப் பட்டையாகத் தெரிய வேண்டும். பினாங்கு முறை அதுதான். பன்றித் தோள் பகுதியை விரல் நீளத்துக்கு நறுக்கி, ஐந்து மசாலா, சோயா சாறு, சர்க்கரை, வெள்ளை மிளகு சேர்த்து இரவு முழுக்க ஊறவைப்பார்கள். கொஞ்சம் கொழுப்பு ஓடிய பகுதியாக இருந்தால்தான் பொரிந்தபின் உள்ளே சாறு தங்கும். சீன, மலாய் வழக்கங்கள் கலந்த நோன்யா வீடுகளில் கொத்திறைச்சியோடு இறாலும், கடித்தால் நறுக்கென்னும் ஒரு நீர்க்கிழங்கும் சேர்ப்பார்கள். அதுவும் அருமைதான், ஆனால் கடையில் கிடைக்கும் லோர் பாக்கில் பல்லுக்கு வேலை தரும் அந்தப் பட்டை இறைச்சியைத்தான் நான் தேடுவேன்.

கேட்பது

மொழியை நினைத்துப் பயப்பட வேண்டாம். சீனக் கடைக்காரர்களுக்கு மலாய் தெரியும், பலருக்கு ஆங்கிலமும் தெரியும். பெரியவராக இருந்தால் ‘அங்கிள்’, ‘ஆன்ட்டி’ என்று அழைத்தால் போதும், இந்த ஊரில் எல்லா இனத்தாரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். விரலால் சுட்டி, மலாயில் எண்ணிக்கையைச் சொல்லுங்கள்: சத்து என்றால் ஒன்று, துவா என்றால் இரண்டு, தீகா என்றால் மூன்று. விலைக்கு ‘பெராப்பா?’. சில கடைகளில் இடுக்கியும் தட்டும் கையில் கொடுத்து நம்மையே எடுக்கச் சொல்வார்கள்.

ஒரு வாக்கியம் மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்: ‘கோரெங் லாகி’. இன்னொரு தடவை பொரித்துத் தாருங்கள் என்று அர்த்தம். பெட்டியில் இருப்பவை ஏற்கெனவே ஒரு முறை பொரித்தவை. வழக்கமாகக் கேட்டபின் மறுபடி எண்ணெயில் போட்டுத்தான் வெட்டித் தருவார்கள், ஆனால் கூட்ட நேரத்தில் அது தவறிப்போகலாம். என் பெரியம்மா மகன் மதுரையிலிருந்து வந்திருந்தபோது அவசரத்தில் சும்மா வாங்கி வந்துவிட்டோம். ஆறிப்போன சுருள், தோல் ரப்பர் மாதிரி இழுத்தது. அவன் ஒரு துண்டோடு தட்டைத் தள்ளிவைத்தான். மறுநாள் வேறு கடையில் சூடாக வாங்கிக் கொடுத்து, இதுதாண்டா லோர் பாக் என்று சொல்லும்வரை எனக்கு மனசு ஆறவில்லை.

மேசை எண்ணைச் சொல்லிவிட்டு வந்து உட்காருங்கள். தட்டு மேசைக்கு வரும், அப்போதே காசைக் கொடுத்துவிட வேண்டும். பானத்துக்குக் காசு தனி, அது கோப்பிக்கடைக்காரருக்கு. இரண்டையும் சேர்த்து ஒருவரிடம் கொடுக்கப் பார்க்காதீர்கள்.

தொட்டுச் சாப்பிடுவது

தட்டில் எல்லாம் ஒரு வாய் அளவுக்கு நறுக்கி வரும். பக்கத்தில் வெள்ளரிக்காய்த் துண்டுகள், இரண்டு சின்னக் கிண்ணங்கள். ஒன்றில் சிவப்பு மிளகாய்ச் சாறு, இனிப்பும் புளிப்பும் கலந்தது. இன்னொன்றில் பழுப்புக் கறுப்பில், கொழகொழவென்று, இடையே வெள்ளை இழைகள் ஓடும் ஒன்று. பார்க்க அழகாக இருக்காது. அதுதான் லோர். எலும்புச் சாற்றில் கருஞ்சோயா, சர்க்கரை, ஐந்து மசாலா சேர்த்துக் கொதிக்கவிட்டு, மாவு கரைத்து ஊற்றிக் கெட்டியாக்கி, கடைசியில் அடித்த முட்டையைக் கம்பியாக விட்டுக் கலக்குவார்கள். அந்த வெள்ளை இழைகள் முட்டை.

முதல் துண்டை எதிலும் தொடாமல் வாயில் போடுங்கள். தோல் உடையும் சத்தம், பிறகு அன்னாசிப்பூ வாசனை, பிறகு இறைச்சியின் இனிப்பு. இரண்டாவதை மிளகாயில் மட்டும். மூன்றாவதை லோரில் மட்டும், முழுசாக முக்காமல் ஒரு பக்கம் மட்டும் தொட்டு. மறுபக்கம் மொறுமொறுப்பாகவே இருக்க வேண்டும். நான்காவதில்தான் இரண்டையும் சேர்ப்பது: மிளகாயில் ஓரம், லோரில் ஓரம். எனக்குத் தெரிந்த பினாங்குக்காரர்கள் எல்லாரும் கடைசியில் வந்து நிற்பது இந்த நான்காவது முறையில்தான். உள்ளே இருக்கும் ஐந்து மசாலா, வெளியே லோரில் இருக்கும் ஐந்து மசாலாவைச் சந்திக்கும், மிளகாய் இரண்டுக்கும் நடுவில் போய் நிற்கும்.

டோஃபுவுக்குச் சொந்தமாக ருசி குறைவு, அதை லோரில் நன்றாக முக்கலாம். இறால் வடைக்கு மிளகாய் போதும். இறாலின் ஓட்டை உரிக்க வேண்டாம், மொறுமொறுவென்று அப்படியே மெல்லலாம். இரண்டு துண்டுக்கு ஒரு வெள்ளரிக்காய். அலங்காரத்துக்கு வைத்தது என்று ஒதுக்காதீர்கள், அது இல்லாவிட்டால் ஐந்தாவது துண்டிலேயே திகட்டிவிடும். குச்சியால் எடுக்க வராவிட்டால் முள்கரண்டி கேளுங்கள், பெரும்பாலும் கேட்காமலே வரும். கிண்ணங்கள் பொதுவானவை, கடித்த துண்டை மறுபடி தோய்க்காதீர்கள்.

லோர் தீர்ந்துவிட்டால் கிண்ணத்தோடு போய் நில்லுங்கள், ஊற்றுவார்கள். சாற்றைக் கேட்டு வருகிறவரைப் பார்த்தால் கடைக்காரர் முகத்தில் ஒரு மலர்ச்சி தெரியும். ருசி தெரிந்தவர் என்று அவருக்குப் புரிந்துவிடும்.

சிங்கப்பூர் போகிறவர்களுக்கு

அங்கே இதே குடும்பத்துப் பண்டத்தை ‘ங்கோ ஹியாங்’ என்று கேட்க வேண்டும். சிங்கப்பூரில் ‘லோர் பாக்’ என்றால் சோயாவில் வேகவைத்த இறைச்சி வந்து நிற்கும். சுருளுக்குள் கொத்திறைச்சிதான் அதிகம், பலர் முதலில் ஆவியில் வேகவைத்துப் பிறகு பொரிக்கிறார்கள். கூடவே வறுத்த மீகூன் (அரிசிச் சேமியா) வாங்கி அதையே ஒரு வேளைச் சாப்பாடாக்கிக்கொள்வார்கள். உணவங்காடி நிலையங்களில் தட்டை நாமே வாங்கி வந்து, சாப்பிட்டபின் நாமே திருப்பி வைக்க வேண்டும். 2021 செப்டம்பர் முதல் அது கட்டாயம்.

கட்டிக்கொண்டு போவது

முடிந்தவரை வேண்டாம் என்பேன். கட்டாயம் என்றால் ‘பூங்குஸ்’ அல்லது ‘தாபாவ்’ என்று சொல்லுங்கள், லோரையும் மிளகாயையும் தனிப் பையில் கேளுங்கள், நறுக்காமல் முழுச் சுருளாக வாங்குங்கள். வெட்டினால் சாறு இறங்கித் தோல் நனைந்துவிடும். பொட்டலத்தின் வாயை இறுக்கிக் கட்டவிடாமல், ஆவி போக ஒரு ஓரம் திறந்தே எடுத்துப் போங்கள். வீட்டில் இரும்புச் சட்டியில் எண்ணெய் விடாமல், சிறு தீயில் உருட்டி உருட்டிச் சூடாக்கினால் தோல் பாதியாவது திரும்ப வரும். மைக்ரோவேவில் வைத்தால் தோல் மறுபடி தொய்ந்துவிடும். லோரைத் தனியாகக் கொதிக்கவிடுங்கள். ஆறி இறுகியிருந்தால் இரண்டு கரண்டி வெந்நீர் சேர்த்துக் கலக்கினால் மறுபடி ஓடும்.